பின்கேட்டும் பக்கத்து நாற்காலியும்

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டது நீங்கள்தான். பூட்டிய கையோடு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடிசைகளுக்குப் போர்வை கொடுக்கப்போவதாகப் பேனரும் அடித்திருக்கிறீர்கள். இதே மயூர் விஹார் குடியிருப்பில் என் அத்தை அடித்த கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குடியிருப்பில் எல்லாருமாகச் சேர்ந்து வைத்த சர்க்கரைப் பொங்கல் ஏகத்துக்கு மிஞ்சிவிட்டது. அப்பாவின் அக்காவான அத்தை மத்திய அரசில் அதிகாரி. வீட்டிலும் அதிகாரிதான். "பாவம், அதுக பசில கெடக்கும்" என்று சொல்லி, என்னையும் அம்மாவையும் ஆளுக்கொரு தூக்கு சுமக்கவைத்துக் கிளம்பினாள். பின்கேட் அன்றும் பூட்டித்தான் கிடந்தது. பெரிய சாலையைச் சுற்றி, பஸ்களுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தோம்.

அங்கே போனதும், வரிசையில் நிற்கச் சொல்லி அத்தை இந்தியில் அதட்டினாள்: "ஜல்தி, ஜல்தி! லைன் பனாவோ!"

ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

அத்தை அம்மா பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "திமிரப் பாத்தியா? கொண்டுவந்து குடுத்தாலும் வாங்க மாட்டேங்கா."

"திமிரெல்லாம் இல்லீங்கக்கா," என்றாள் அந்தப் பெண், சேலத்துத் தமிழில். "நாங்களும் இப்பத்தான் பொங்க வெச்சோம். உக்காருங்க, சாப்ட்டுட்டுப் போலாம்."

அவளுக்குப் பின்னால் செங்கல் அடுப்பில் பானை, அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து. எத்தனையோ வருஷமாக ஒரே சுவர். அவர்கள் யார், எந்த ஊர் என்று எங்களில் ஒரு நாய்கூடக் கேட்டதில்லை.

அத்தை உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். பிறகு, "சரி, ஒங்களுக்கு என்னதான் வேணும்?" என்றாள்.

"அந்தக் கேட்டத் தொறந்து விடச் சொல்லுங்கக்கா. தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்க, உங்க குடியிருப்புக்குள்ளார வழியில்லாம, அந்த ரோட்டத் தாண்டித்தான் போவுதுங்க. என் பொண்ண ஸ்கூட்டர்காரன் தட்டிட்டுப் போயிட்டான்."

அடுத்த ஞாயிறு, குடியிருப்போர் கூட்டத்துக்கு அத்தை அவளை அழைத்துவந்தாள். வழக்கம்போல முதலில் எழுந்து தொண்டையைச் செருமினாள். அந்தப் பெண் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க உக்காருங்கக்கா. நான் பேசிக்கறேன்."

"வெளியாளுக்கெல்லாம் இங்க என்ன வேலை?" என்று ஒரு மாமா கத்தினார். அத்தை பதில் சொல்லவில்லை. தன் நாற்காலியை அவளுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு அவரை முறைத்தாள். அந்தப் பெண் அத்தையைவிட நல்ல இந்தியில் பேசி முடித்தாள். பள்ளி நேரத்தில் கேட்டைத் திறப்பது என்று முடிவானது.

எனக்கோ ஒரே அவமானம். யாரையும் பேசவிடாத அத்தை வாயடைத்துத் தோற்றுவிட்டாள் என்று வீட்டில் அழுதேன். "போடி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அத்தை. தெரியவில்லைதான். அத்தை அதுவரை செய்ததிலேயே உருப்படியான காரியம் அப்படி வாயை மூடிக்கொண்டு அந்தப் பெண்ணோடு கூட இருந்ததுதான் என்பது புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

ஸ்கூட்டர் தட்டிய அந்தச் சிறுமிக்கு இப்போது பள்ளி போகும் மகள் இருக்கிறாள். இந்த ஞாயிறு கூட்டத்துக்கு அவளும் இன்னும் பல தாய்மார்களும் வருகிறார்கள். நானும் வருவேன். பேசப்போவது அவர்கள்.

பூட்டுமுன் அவர்களில் யாரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்கள்? எனக்குத் தனியாகப் போன் செய்து விளக்க வேண்டாம். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.