இரண்டு டின் தார்

ஒத்த செவ்வகங்களில் பக்கங்கள் இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்காகும். பரப்பளவோ நான்கு மடங்காகும். இப்போது நான் குடியிருக்கும் டாக்குரியாவில் எதிர்வீட்டு மாடியில் தார் காய்ச்சும் வாசனை வந்தாலே இந்த விதி என்னை உட்காரவிடாது.

என் சிறு வயதில், அப்பாவின் பதவி உயர்வால் சாந்த்ராகாச்சியில் எங்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பழையதைவிட நீளமும் அகலமும் இரு மடங்கு. மழைக்கு முன் மொட்டைமாடியில் பூச, பழைய வீட்டுக்கு ஒரு டின் தார் கொடுத்துவந்த அலுவலகம் இதற்கு இரண்டு கொடுத்தது. பெரிய செவ்வகத்துக்குள் சின்னது நான்கை வரைந்து அப்பா மனு எழுதினார். விதி தம் பக்கம் இருப்பதால் மீதியும் வருமென்று நம்பி, கூடத்துப் பக்கமிருந்து பூச ஆரம்பித்தார். பாதி மாடியில் தார் தீர்ந்தது, மழை பிடித்துக்கொண்டது.

சமையலறை ஒழுகியது. சுவரோடு கட்டிய அடுப்பு அணைந்தால் கைக்குழந்தையான தங்கைக்குப் பால் கிடையாது. அம்மா காய்ச்ச, நான் குடை பிடித்தேன்.

"இந்தப் பக்கத்தை முதல்ல பூசியிருக்கப்படாதோ?"

"நாலு டின்னும் வந்துடும். கணக்கு நம்ம பக்கம்," என்றார் அப்பா.

"அந்தக் கணக்கை அடுப்புக்கு மேல செத்த பிடிங்கோ. பிள்ளைக்குக் கை வலிக்கிறது."

பதிலில் அலுவலகம் அப்பாவின் கணக்கை முழுமையாக ஏற்றிருந்தது: அதன்படி, ஒழுகாத பாதியே பழைய வீட்டைப்போல் இரு மடங்கு, ஆகவே குறை ஏதுமில்லை. அது வந்து சேர்ந்தது, மழையெல்லாம் ஓய்ந்து நான் குடையைப் பரணில் போட்ட பிறகு, காளி பூஜைக்கு முதல் நாள்.