பட்ட மரம் என்று சொன்னேன்

ரொறொன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், கார் விடும் எங்கள் ட்றைவேக்கும் பக்கத்து வீட்டு ட்றைவேக்கும் நடுவில் ஒரு பெரிய மரம் நின்றது. அடிமரத்தில் பாதி எங்கள் காணிக்குள், மறுபாதி அவர்களுடையது. இப்போது அங்கே ஒரு அடிக்கட்டை மட்டும்தான் இருக்கிறது. காரை வெளியே எடுக்கும்போது அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா. வயது அறுபத்தைந்துக்கு மேல். கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம். அவர் இருந்தவரை மரத்தை அவர்தான் பார்த்தார். இலை கூட்டுவதும், காய்ந்த நெற்றுகளைப் பொறுக்குவதும், காருக்கு மேலே நீளும் கொப்பை ஆள் பிடித்து வெட்டுவிப்பதும் அவர் வேலை. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பேன். மரத்தில் எனக்கும் பாதி சொந்தம் என்பது, அதை வெட்டலாம் என்ற எண்ணம் வந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. எங்கள் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்து, நாள் வைக்க ஏப்ரலில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வாகனத்தில் வந்தார்கள். புது வீடு, புது வாகனம், எல்லாம் புதுசு அவர்களிடம். பெரியம்மா இறங்கியதும் எங்கள் வீட்டைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தார். "என்ன இது, வாசலில பட்ட மரம் நிக்குது?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. மூன்று மாதமாக வீட்டுக்குப் பெயின்ற் அடித்து, கதவு மாற்றி, புல்லுக்கு உரம் போட்டு வைத்திருந்தேன். அத்தனையும் ஒரு சொல்லில் போனது போல இருந்தது.

மே தொடங்கியது. தெருவில் மேப்பிள் எல்லாம் துளிர் விட்டன. எங்கள் மரம் மட்டும் விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டது மாதிரி நின்றது. பழைய கறுத்த நெற்றுகள் காற்றில் கிலுகிலுத்தன. மரம் பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரர், வயதானவர். ஏணி வைத்து ஏறி, ஒரு சுள்ளியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தோலுக்குக் கீழே பச்சை. இது கென்ரக்கி கொஃபி ட்றீ என்ற வகை, எல்லாம் முழித்த பிறகுதான் முழிக்கும், யூன் வரை பொறுங்கள், பிறகு வேண்டுமானால் ஒரு கொப்பைக் கழித்துவிடலாம் என்றார். இந்த அளவு மரத்தை வெட்டுவதென்றால் சிற்றியின், அதாவது மாநகர சபையின், அனுமதி வேண்டும், இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவரை வழியனுப்பிவிட்டு, இந்த மனிதனுக்கு ஒன்றும் தெரியாது என்று மனைவியிடம் சொன்னேன். எனக்குப் பிடிக்காததைச் சொல்பவர்கள் எல்லோருக்கும் ஒன்றும் தெரியாது. அது என் பழைய குணம்.

தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கல் மே மூன்றாவது கிழமை. யூன் வரை எங்கே பொறுப்பது?

இணையத்தில் விண்ணப்பத்தை எடுத்து அச்சிட்டேன். காரணம் என்ற இடத்தில், ஆங்கிலத்தில், மரம் செத்துவிட்டது என்று என் கையால் எழுதினேன். பச்சையைக் கண்ணால் பார்த்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அவர் குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "உது செத்த மரமில்லைத் தம்பி. பிந்தித்தான் முழிக்கும் எண்டு என்ர மனுசன் இருக்கேக்க சொல்லுறவர்" என்றார்.

நான் விடவில்லை. ஒரு பொய்யைச் சொல்லத் தொடங்கினால் அதற்குச் சாத்திரமும் சேர்ப்பது என் வழக்கம். "இல்லை அக்கா, உது பட்ட மரம்தான். கலியாண வீட்டு வாசலில பட்ட மரம் நிக்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு வாற சனத்தின்ர கண்ணில முதல் முதல் படக் கூடாது" என்றேன்.

அக்கா எழும்பிப் போய்ப் பேனை ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். பிறகு, "ஓம் தம்பி. எங்க வைக்கிறது?" என்று கேட்டுக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து, வேலை முடிந்தது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். என்ன சொல்லி வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னபடியே திருப்பிச் சொன்னேன். கறி கிண்டிக்கொண்டிருந்தவள் அகப்பையை நிறுத்தினாள். "அவவுக்கு முன்னால உப்பிடியே சொன்னனீங்கள்?"

"மரத்தைத்தானே சொன்னன்."

"அவவுக்கு எப்பிடிக் கேட்டிருக்கும்?"

எங்கள் பேச்சில் பட்ட மரம் என்றால் மரம் மட்டுமில்லை. புருசன் செத்த பெண்ணையும் அப்படிச் சொல்லும் வாய்கள் இருக்கின்றன. அது எனக்குத் தெரியாத விசயமில்லை. வாய்க்கு வந்த வேகத்தில் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அன்றே திரும்பிப் போய் "அக்கா, நான் அந்த நினைப்பில சொல்லேல்லை" என்று சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம். சொன்னால் இன்னும் கிளறிவிடுமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன். உண்மையில், மரம் சாகவில்லை என்பதையும் அதோடு சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டி வந்துவிடும் என்று பயந்தேன்.

விண்ணப்பத்தை அனுப்பவும் இல்லை. அனுப்பினால் யாராவது வந்து சுரண்டிப் பார்ப்பார்கள். பக்கத்து நகரமான பிறம்ரனில் பிக்கப் வாகனம் வைத்திருந்த ஒரு தம்பி, ஒன்றும் கேட்காமல் வெட்டித் தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை வந்து, கொப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அரைவாசி முடிந்ததும் மரம் அரியும் வாளை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். வெட்டுவாயில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணை, உது நல்ல பச்சையாயெல்லோ இருக்குது."

"வெட்டும்" என்றேன்.

அக்கா அப்போது வெளியே வந்தார். புல்லில் குவிந்திருந்த கொப்புகளுக்குள் தேடி, கை நீளத்தில் ஒன்றை எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் பகிடி விட்டேன். "என்ன அக்கா, கதியாலுக்கோ? வேலி அடைக்கப் போறியளோ?" கதியால் என்றால் வேலிக்கு நடும் உயிர்த்தடி. செத்த மரம் என்று சொன்ன வாயாலேயே அதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கொப்போடு உள்ளே போனார்.

பொன்னுருக்கலுக்கு முதல்நாள் பின்னேரம் வந்தது. எங்கள் சனத்தின் வழக்கப்படி பொன்னுருக்கல் அன்றைக்கு வாசலில் கன்னிக்கால் நடுவோம். முள்முருக்கங் கிளை ஒன்றை நட்டு, சுமங்கலிகள் நீரும் பாலும் ஊற்றுவார்கள். கிளை துளிர்த்தால் மணமக்கள் தழைப்பார்கள் என்று நம்பிக்கை. ரொறொன்ரோவில் முள்முருக்குக்கு எங்கே போவது? பிளாசாவிலுள்ள தமிழ்க் கடையில் மஞ்சள் பூசி, பட்டுத்துணி சுற்றி ஒரு தடி விற்கிறார்கள். அதை வாங்கி வைத்திருந்தோம். என்ன தடி என்று கடைக்காரருக்கே தெரியாது.

நான் அக்காவின் வீட்டுக்குப் போனது மன்னிப்புக் கேட்க இல்லை. வருகிறவர்களின் வாகனங்களுக்கு இடம் வேண்டும், அவருடைய காரைக் காலையில் எடுத்துவிட முடியுமா என்று கேட்கப் போனேன்.

குசினி யன்னலோரம் ஒரு வாளி இருந்தது. அதற்குள் அந்தக் கிளை. நுனியிலும் பக்கங்களிலும் துளிர் வெடித்து, சின்னச் சின்ன இலைகள் செம்பச்சையாக விரிந்திருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"கன்னிக்காலுக்கு உதவுமெண்டு வைச்சனான். கடைத் தடியை விட உங்கட வாசலில நிண்டது நல்லதெல்லோ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "துளிர்த்த பிறகுதான் யோசிச்சன். என்ர கையால தந்தால் சரியில்லை. அதுதான் கொண்டு வரேல்லை."

குறை சொல்லும் குரல் இல்லை அது. என் மகளுக்காகக் கவலைப்படும் குரல். அதுதான் என்னைக் கொன்றது. "தாங்கோ அக்கா, நீங்களே வந்து நடுங்கோ" என்று சொல்வதற்கு எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும். ஸ்ரௌவ்வில் பெரியம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சுற்றி நிற்கிற சனம், கமெராக்காரர், எல்லாம் வந்தது.

"விடிய எட்டு மணிக்கு முதல் காரை எடுத்தால் காணும் அக்கா" என்றேன்.

"ஓம் தம்பி" என்றார்.

காலையில் எழும்பிப் பார்த்தபோது கார் இல்லை. அக்காவும் இல்லை. அன்று முழுக்க வரவில்லை. மற்ற யன்னல்களில் திரை இழுத்திருந்தது. குசினி யன்னலில் மட்டும் கிளை வெயிலுக்கு நின்றது. எங்கள் வாசலில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது, அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடைத் தடியை மண் நிரப்பிய பெயின்ற் வாளியில் நட்டுப் பால் ஊற்றினார்கள்.

பெரியம்மா அடிக்கட்டையைப் பார்த்து, "இப்பதான் தம்பி வாசல் வாசலா இருக்குது. அந்தப் பட்ட மரத்தை எடுத்தது நல்லது" என்றார்.

நான் அந்த யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஓம், நல்லது" என்றேன்.