அயர்னிங் செக்‌ஷனில் நாற்பது மூட்டை

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்மனையில் வீடு கட்டியவர்கள் தெற்கத்திக்காரர்கள். அவர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்னிங் மாஸ்டர். மனைவி அங்கேயே செக்கிங். இரண்டு பிள்ளைகள். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதிரில் செங்கல் இறங்கினால் எண்ணாமல் உள்ளே போகத் தெரியாது. அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் மனையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, யாரும் தராமலே எனக்கு வந்து சேர்ந்தது.

கூரைத் தளத்துக்கு ஐம்பத்து மூன்று கிரேடு சிமெண்ட்தான் வேண்டும் என்றார் அவர். எண் பெரிதென்றால் உசத்தி என்பது அவர் கணக்கு.

"அது சீக்கிரம் இறுகுமுங்க, சூடும் அதிகம். தண்ணி விட ஒரு நாள் தவறினாலும் முடி மாதிரி வெடிப்பு வரும். நீங்க ரெண்டு பேரும் பகலெல்லாம் கம்பெனியில. சாம்பல் கலந்த பி.பி.சி. போதுமுங்க. மெதுவா இறுகும், ஆனா கெட்டி. தளத்தைத் தாங்கற முட்டுப் பிரிக்கத்தான் நாலு நாள் கூடப் பொறுக்கோணும்" என்றேன்.

கேட்டுக்கொண்டார். நாற்பது மூட்டை வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அச்சடித்திருந்த தயாரிப்பு வாரத்தைப் படித்தேன். நாற்பதும் ஒரே வாரம், புதுசு.

மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தளவேலை நின்றது. மூட்டைகளை மூடிய தார்ப்பாய்க்குள் நீர் இறங்குமோ என்று ஒரே பகலில் ஆறு முறை குடையோடு போய்ப் பார்த்தேன். கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன்: "உங்க அயர்னிங் செக்‌ஷன் எந்நேரமும் சூடாத்தான இருக்குதுங்க? அதைவிடக் காய்ஞ்ச இடம் எங்க கிடைக்கும்?" அவர் முதலாளியிடம் கேட்டு, டெம்போவில் ஏற்றிப் போனார்.

மழை ஓய்ந்து, பத்தொன்பதாம் நாள் மூட்டைகள் திரும்பி வந்தன. அடுத்த நாள் காலை கான்கிரீட். இறக்கும்போது ஒரு மூட்டையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கல். அடுத்ததும் கல். சாக்கைப் பிரித்துக் கைவிட்டால் மாவு போல வழுக்க வேண்டியது, கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது.

அயர்னிங் மேசையில் சூடு மட்டுமா இருக்கிறது? நாள் முழுக்க நீராவி அல்லவா ஓடுகிறது? முப்பது வருடம் பனியன் ஊரில் குடியிருந்தவன், சூட்டை எண்ணி ஆவியை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அவர்கள் இருந்த வாடகை வீட்டைக் கார்த்திகைக் கடைசியில் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். மார்கழியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். மறுநாள் தளம் போட்டால்தான் கார்த்திகைக்குள் குடிபோக முடியும்.

மேஸ்திரிக்கு என் சோதனை பிடிக்கவில்லை. "ஏனுங்க வாத்தியாரே, பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி மூட்டைக்கு மூட்டை மார்க் போடறீங்க. கட்டியைச் சம்மட்டியில நொறுக்கிப் போட்டா மிக்சர் கலக்கிப்போடுமுங்க."

"நொறுங்குமுங்க, ஆனா பிடிக்காது. ஒருக்கா இறுகினது மறுபடி இறுகாதுங்க. அதுக்கடியில படுக்கப் போறது நீங்க இல்லீங்களே."

மேஸ்திரி சொல்வதைக் கேட்டுவிடலாம் என்று மாஸ்டர் முகத்தில் தெரிந்தது. மனைவி முன்னால் வந்தார்.

"நல்லது எத்தனை சார் தேறும்?"

"இருபத்து மூணுங்க. பதினேழு போச்சு."

"யாரு இத அயர்னிங்ல கொண்டுபோய் வைக்கச் சொன்னது?"

"நானாத்தான் கொண்டுபோனேன்" என்றார் மாஸ்டர், என் பக்கம் திரும்பாமல்.

"பதினஞ்சு வருசமா ஸ்டீம்ல நிக்கிறவுகளுக்கு இது தெரியாதாக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குறுக்கிட்டேன். "அம்மணி, அவர் இல்லீங்க. நாந்தான் சொன்னேன். வாத்தியார் சொன்னாச் சரியா இருக்கும்னு நம்பிக் கொண்டுபோனாருங்க."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மழையில நனையாத சிமெண்ட ரெண்டு பேருமாச் சேந்து நனைச்சிருக்கீக" என்றார். பிறகு மேஸ்திரியிடம், "தளம் தள்ளிப் போகட்டும். கட்டிச் சிமெண்டுக்குக் கீழ எம்பிள்ளைகளப் படுக்கவைக்க மாட்டேன்."

மிக்சர்க்காரர்களுக்கு வேறு இடத்தில் வேலை இருந்ததால் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தளம் விழுந்தது, பதினேழு புது மூட்டையோடு. கெட்டதைச் சலித்து, தேறியதை வாசல் தரைக்கு அடியில் கொட்டினோம். தளம் இறுகுவதற்காக அதன்மேல் பாத்தி கட்டி நிறுத்திய நீர் வற்றாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசியில் நால்வரும் எங்கள் முன்னறைக்கு வந்தார்கள். நான் கூப்பிட்டபோது மாஸ்டர் தயங்கினார். அந்த அம்மா பாயையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு முதலில் வந்துவிட்டார். முப்பத்து நான்கு நாள் இருந்தார்கள்.

தையில் பால் காய்ச்சினார்கள். முதல் டம்ளர் எனக்கு. குடித்துக்கொண்டே தளத்தின் நான்கு மூலையையும் பார்த்தேன், பிறகு நடுவை.

"வெடிப்பு ஒண்ணும் இல்ல சார். காலையிலயே நான் பாத்துட்டேன்" என்றார் அந்த அம்மா. "பாலக் கொட்டாமக் குடிங்க."