ஐந்து வாரத்து அழுக்கு

ஆஸ்பத்திரியில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவள் தொட்டாலே காயம் ஆறிவிடும் என்பார்கள். கிண்டல்தான், ஆனாலும் பாதி நிஜம். பதினெட்டு வருஷமாக அவள் வேலை பார்ப்பது ஆபரேஷன் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். ரத்தமும் சதையுமாக வருகிற கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பெட்டிக்குள் அடுக்கி, ஒரு கிருமி மிச்சமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். சுற்றிய துணியின் மேல் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்தால் கட்டு தேறியது. கறுக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அங்கே எல்லாருக்கும் அவள் சுத்தக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பாள்.

இதிலேயே ஊறிப்போன மனுஷி வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? கதவுக் கைப்பிடி, சுவிட்சு, டிவி ரிமோட்டு, எதுவும் அவளிடம் தப்பாது. ஒருதடவை மகளின் பள்ளி அடையாள அட்டையைத் துடைத்துத் துடைத்துப் போட்டோவில் மூக்கும் வாயும் காணாமல் போய்விட்டன. இரண்டு வாரம் மூக்கில்லாமல்தான் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

கணவர் நேர் எதிர். பல் டாக்டரம்மா ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன், பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தது பொருத்தம்தான். ஹோட்டலில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வருவார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்டு அவள் பார்த்ததில்லை.

கேட்டது ஒரே ஒரு தடவை. டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது, கிளினிக்கை மூடுகிறார்கள் என்று தெரிந்த வாரம். வேலையைப் பற்றிக் கவலை இல்லை, கிளினிக் மூடியதுமே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரச் சொல்லியிருந்தார்கள். கவலையெல்லாம் மீன்களைப் பற்றி. கிளினிக் முன்கூடத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஐந்து தங்க மீன்கள். பல் பிடுங்க வந்து பயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்கள். யார் வந்தாலும் கண்ணாடி அருகே வந்து முகத்தைப் பார்க்கிற பருத்த மீனுக்குக் கம்பவுண்டர் என்று பெயர். ஒன்பது வருஷம் அவற்றுக்குத் தீனி போட்டது இவர் கை.

"ஹால்ல ஒரு நாலடி இடம் குடு. மீனுங்கள நான் கூட்டிட்டு வந்துடறேன்," என்றார்.

மீனைக் கொண்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, கூட்டிட்டு வர்றேன் என்றார். அவளுக்கு மனசு இளகிவிட்டது. டிவி மேஜையைத் தானே நகர்த்தி இடம் செய்து கொடுத்தாள்.

புதுத் தொட்டி வந்தது. மட்டம் பார்த்து வைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிரப்பி எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். கூழாங்கல்லை அலசினார்கள். அதுவரைக்கும் அவளுக்குப் பரம திருப்தி. நாலு தண்ணீரில் அவர் நிறுத்தியதைப் பதினோரு தண்ணீர் வரைக்கும் கொண்டுபோனவள் அவள்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் போவதற்கு மருந்து விட்டு, ஃபில்டரை மாட்டி ஓட விட்டார். அதற்கப்புறம்தான் அவர் செய்தது அவளுக்குப் பிடிபடவில்லை. மீனே இல்லாத தொட்டியில் தினம் காலையில் ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவினார்.

யாருக்குச் சாப்பாடு என்று கேட்டாள். யாருக்கும் இல்லை, அழுகட்டும் என்றுதான் போடுகிறேன் என்றார். வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் சொல்லிக் கொடுத்த முறையாம். தீனி அழுகினால் தண்ணீரில் விஷம் ஊறும். அந்த விஷத்தைத் தின்பதற்கு ஒரு வகைக் கிருமி தானாக வந்து ஃபில்டருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சில் குடியேறும். குடியேறி முடிய ஐந்து வாரமாவது ஆகும். அது வந்த பிறகுதான் மீனை விட வேண்டும், இல்லாவிட்டால் மீனின் கழிவே மீனைக் கொன்றுவிடும். இதையெல்லாம் அவர் தன் வழக்கப்படி பாதி முழுங்கிப் பாதி சொன்னார். அவள் காதில் விழுந்தது அழுகும், கிருமி என்ற இரண்டு வார்த்தைதான். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டாள். நல்ல கிருமி என்று ஒன்று உண்டு என்பதை அவளிடம் சொல்வதும், நல்ல திருடன் உண்டு என்று போலீஸ்காரரிடம் சொல்வதும் ஒன்றுதான்.

இரண்டாவது வாரம் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. வாடை வேறு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஹாலைக் கடந்தாள். மூன்றாவது வாரம் தானாகத் தெளிந்தது. அவர் தினமும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் சோதனை மருந்து சொட்டு விட்டுப் பார்ப்பார். பச்சையானால் விஷம் இருக்கிறது, மஞ்சளாக இருந்தால் இல்லை. ஐந்தாவது வாரம் அசல் மஞ்சள். பரீட்சையில் தேறிய பையன் மாதிரி குழாயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்து காட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீன்கள் வீட்டுக்கு வரும். சனிக்கிழமை காலையில் கிளினிக் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அவர் கிளினிக்கில் பழைய கோப்புகளைக் கட்டப் போயிருந்தார். தொட்டியைத் துடைக்கலாம் என்று போனவள் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். ஸ்பாஞ்சு முழுக்கப் பழுப்பாக, தொட்டால் வழுக்குகிற பிசுக்கு. அவளுக்கு உடம்பு கூசியது. இந்த மனுஷன் ஆசை ஆசையாகக் கூட்டிக்கொண்டு வரப்போகிற மீன்கள் இந்தச் சாக்கடைக்குள்ளா குடித்தனம் பண்ணும்? அவர் ஆசைக்கு நம்மாலானது இதுவாவது இருக்கட்டும் என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. ஸ்பாஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ப்ளீச்சில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, புதிது மாதிரி எடுத்தாள். கல்லையும் கண்ணாடியையும் தேய்த்தாள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரின் மருந்தையும் மறக்காமல் விட்டாள். ஐந்து வாரத்து அழுக்கு ஐந்து மணி நேரத்தில் போயே போய்விட்டது. தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். செருப்பைக் கழற்றியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

"பளிச்சுன்னு இருக்கு," என்றார். அவ்வளவுதான். முகம் கழுவப் போய்விட்டார். சோதனைக் குழாயையும் மருந்துக் குப்பியையும் எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார்.

விஷயத்தைப் போட்டு உடைத்தது மகள். அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "அந்த அழுக்குலதாம்மா எல்லாமே இருந்துச்சு. அதுக்குத்தான் அப்பா அஞ்சு வாரம் காத்துக்கிட்டு இருந்தாரு," என்றாள். கேட்டதும் அம்மா ஹாலுக்கு ஓடினாள். அதற்குள் அவர் போனில் பேசி முடித்திருந்தார். மீன்களைக் கடைக்காரரே எடுத்துக்கொள்வாராம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் அனுப்புவாராம், அங்கேயும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்களாம். திட்டியிருந்தால் தேவலை. அவர் சாப்பிட உட்கார்ந்து, ருசி நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார். அவள் சாப்பிடாமலே தன் தட்டைக் கழுவி வைத்தாள்.

வியாழக்கிழமை போனது. வெள்ளிக்கிழமை வேலையில் ஒரு கட்டு தேறவில்லை, டேப்பில் கோடுகள் வெளிறிக் கிடந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பயந்துபோய் அதை அடியில் சொருகப் பார்த்தாள். சுத்தக்கா விடவில்லை. தேறாத கட்டை மறைக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி உடனே சொல்லிவிட வேண்டும், அதுதான் இந்த அறையின் முதல் சட்டம் என்று அவளுக்குப் பாடம் எடுத்தாள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறோமே, நம் வீட்டுக் கட்டு? நேராக வராந்தாவுக்குப் போய், மகளிடம் எண் வாங்கி, மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

கொதிதண்ணீர், ப்ளீச்சு, வெயில், ஒன்று விடாமல் சொன்னாள்.

"சார் அப்படிச் சொல்லலையே அக்கா," என்றார் கடைக்காரர். "வீட்ல இடம் சரிப்படலன்னுதானே சொன்னாரு?"

அவளுக்குக் கண் கரித்தது. தன் பெண்டாட்டி செய்ததை வெளியே சொல்லாமல், கையில் வந்ததையும் விட்டுவிடத் தயாராகிவிட்டார் மனுஷன். உண்மையைச் சொல்லியிருந்தால் கடைக்காரர் அன்றைக்கே வழி சொல்லியிருப்பார். அவர் இப்போது சொன்ன அவசர வழி அவ்வளவு சுலபம். கிளினிக் தொட்டியிலும் ஃபில்டர் ஓடுகிறது, அதற்குள் இருக்கிற ஸ்பாஞ்சில் ஒன்பது வருஷத்துக் கிருமி இருக்கிறது. அதை அந்தத் தண்ணீரோடு ஈரம் காயாமல் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் மாட்டினால், மீனை அன்றைக்கே விடலாம்.

"ஆனா சீக்கிரம் போங்க. கழுவிட்டா போச்சு," என்றார்.

கணவருக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. மேற்பார்வை நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினாள். அந்த பஸ்ஸோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் குசலம் விசாரித்துக்கொண்டு போனது. அவள் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, தானே தள்ளிக்கொண்டு போவது மாதிரி முன்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக்கின் பின்கட்டில் குழாயடியில் கிளினிக் ஆயாம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோப்புத்தூள், தொட்டியைக் காலி பண்ண மொண்டு வைத்த ஒரு வாளித் தண்ணீர். ஜன்னல் விளிம்பில் ஒரு ஸ்பாஞ்சு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்று கன்னங்கரேலென்று அவர் கையில், குழாய்க்கு அடியில். மற்றொரு கை குழாயைத் திருகப் போனது.

"கழுவாதீங்க ஆயாம்மா," என்றாள்.

ஆயாம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் காட்ட வந்தவள், இதே ஆயாம்மாவிடம் தரை துடைக்கிற துணியை எப்படி அலச வேண்டும் என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்திருந்தாள். அந்த அம்மா மறப்பாரா?

"உன் வீட்டுக்காரரு எடுத்துட்டுப் போனாலும் போவாரேன்னுதான் தேய்க்கறேன். அழுக்கோட வந்தா நீ என்ன விடுவியா?" என்றார்.

"தெரியாம சொல்லிட்டேன். என்கிட்ட குடுத்துடுங்க."

கையுறை இல்லாமல், வெறுங்கையால் அதை வாங்கினாள். கறுப்புத் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. தொட்டித் தண்ணீர் இருந்த வாளியில் அதை மெதுவாக அமுக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், கோப்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு கணவர் நிற்கிறார்.

"ஏங்க அவர்கிட்ட நான் பண்ணினதச் சொல்லல?" என்று கேட்டாள்.

"உன்னப் பத்தி வெளிய போய் என்னன்னு சொல்றது," என்றார் அவர்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் கறுப்பு.

இரண்டு ஸ்பாஞ்சில் ஒன்றுதான் தப்பியது, அது போதுமா என்று கடைக்காரரையே கேட்டார்கள். பார்க்கலாம், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், தினமும் சோதித்துக்கொண்டே இருங்கள் என்றார் அவர். சாயங்காலம் ஐந்து மீன்களும் மூடி போட்ட இரண்டு வாளிகளில் ஆட்டோவில் வந்தன. கறுப்பு ஸ்பாஞ்சைப் புது ஃபில்டரில் மாட்டியது அவள்தான். மாட்டியதும் ஒரு கறுப்புப் புகை மாதிரி கிளம்பி, அவள் தேய்த்து வைத்த தொட்டி முழுக்கப் பரவியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அது அடங்கியது. கம்பவுண்டர் நாலு மூலையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்ணாடி அருகே வந்து அவள் முகத்தைப் பார்த்தது.

முதல் இரண்டு நாள் மஞ்சள். மூன்றாம் நாள் குழாயில் லேசாகப் பச்சை தட்டியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு நாள் பட்டினி போட்டார்கள். அன்றைக்கு ஆட்டோகிளேவ் முன்னால் நின்றவளுக்கு மனசெல்லாம் அந்தச் சின்னக் குழாயில்தான் இருந்தது. நாலாம் நாளும் பச்சைதான், ஆனால் ஏறவில்லை. ஆறாம் நாள் மஞ்சள். ஏழாம் நாளும் மஞ்சள். பத்தாம் நாளும் மஞ்சள்தான் என்றானபோது அவர் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், இருபது வருஷத்தில் அவள் அப்படி ஒரு மூச்சுச் சத்தத்தைக் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி அவளும் சாப்பிட்டதும் கண் அசந்தாள்.

ஒரு மாதம் போயிற்று. ஸ்பாஞ்சு அடைத்துக்கொண்டு ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக விழுந்தது. லேசாகப் பிழிந்து விட வேண்டும், அதுவும் தொட்டித் தண்ணீரிலேயே, இரண்டே தடவை. மகள் ஓடிவந்து, "அப்பா, நீங்களே பண்ணிடுங்க," என்றாள். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள், கிட்டே வரவில்லை.

அவர் ஸ்பாஞ்சைக் கழற்றினார். வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றினார். பிறகு வாளியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே பிழி," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு தடவை பிழிந்தாள். இரண்டாவது தடவை பிழிந்தாள். தண்ணீர் இன்னும் பழுப்பாகத்தான் இருந்தது, ஸ்பாஞ்சின் மடிப்பில் அழுக்கு கண்ணுக்குத் தெரியவே இருந்தது. விரல்கள் தானாக இறுகின.

"போதும்," என்று அவளே சொல்லி, ஸ்பாஞ்சை அவரிடம் நீட்டினாள்.