படிக்கட்டில்லாத வீடு

பொய் சொல்வதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று பதினோரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் ரிகோபெர்த்தோ அடிக்கும்போதெல்லாம், “படிக்கட்டுல விழுந்துட்டேன்” என்பேன். ஆஸ்பத்திரியிலும் அதே பாட்டு; ஹூஸ்டனில் நான் வேலை பார்த்த சலவைக்கூடத்திலும் அதே பாட்டு.

அவன் அமெரிக்கக் குடிமகன். நான் விசா முடிந்தும் தங்கியவள். “வாயத் தொறந்தே, ஒரே ஒரு போன்தான்டி. உன்ன மெக்சிகோவுல கொண்டுபோய்ப் போட்ருவாங்க. பொண்ணு என்கிட்ட இருப்பா” என்பான். மகள் இட்சேலுக்கு ஒன்பது வயது. அவளை விட்டுப் போவதை நினைத்தாலே வாயை மூடிக்கொள்வேன்.

கடைசியில் சலவைக்கூடத்துத் தோழி என்னை வக்கீல் திரெவினோவிடம் இழுத்துப் போனாள்.

“அக்கா, குடிமகன் புருஷன் கொடுமப்படுத்தினா, இங்க தங்குறதுக்கு நீங்களே தனியா மனு போடலாம். அவர் கையெழுத்து வேணாம். அவருக்குத் தெரியவும் வேணாம். ஆதாரம் என்ன வச்சிருக்கீங்க?”

ஆதாரமா! அதைத்தானே பார்த்துப் பார்த்து அழித்திருந்தேன். அப்போதுதான் தகரங்கள் ஞாபகம் வந்தன. ஆபத்திலிருந்து தப்பினால், நடந்ததைத் தகரத்தில் வரையச் சொல்லி மாதா கோயிலில் மாட்டுவது எங்கள் ஊர் வழக்கம். ஊரிலிருக்கும் தங்கையிடம் சொல்லி நாலு தகரம் மாட்டியிருந்தேன்.

அவள் போட்டோ அனுப்பினாள். நாலிலும், தேதியோடு, நான் படிக்கட்டில் உருண்டுகொண்டிருந்தேன். ஓவியன் சிவப்புக் கம்பளம் வேறு விரித்திருந்தான். மாதாவிடமே புளுகியிருக்கிறேன்! மானம் போயிற்று.

திரெவினோ சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டுகளின் நகலை வரவழைத்துத் தேதிகளை ஒத்துப் பார்த்தாள்.

“நாலும் சரியா இருக்கு. உங்க வீட்ல படி எங்க இருக்கு?”

“படியா? தரையோட ஒரே ரூம்தானேம்மா.”

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் லட்சணத்தை நினைத்துச் சிரித்தேன், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

“இதையே மொதல்ல எழுதுங்கக்கா” என்றாள்.

என் வாக்குமூலத்தின் முதல் வரி: ‘எங்கள் வீட்டில் படிக்கட்டு கிடையாது.’

மனு ஏற்கப்பட மூன்று வருடம் பிடித்தது. இப்போது நானும் இட்சேலும் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் இல்லை, நாற்பத்திரண்டு படி. காய்கறிப் பையும் துணி மூட்டையுமாகத் தினமும் ஏறி இறங்குகிறேன்.

இதுவரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை.