போட்டோவுக்கு அடியில் போன வரி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்தாயிற்று. எந்த ஊரானாலும், ஜெராக்ஸ் கடையில் யாராவது கல்யாண பயோடேட்டா அடிப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

அக்கா சேலத்தில் தங்கி நர்சிங் முடித்திருந்தாள். எங்கள் மலைக்கிராமமான கொட்டச்சேட்டில், வீட்டில் மற்ற எல்லோரும் காப்பிப் பழம் பறிக்கப் போனவர்கள்தான். அவள் படிப்புக்காக அம்மா மழைநாளில்கூட எஸ்டேட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. கல்யாணமானாலும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போவேன் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். பயோடேட்டா அடிக்க ஏற்காட்டுக்குப் போனபோது என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார்.

டைப்பிங் கடை பாய் வேகமாக அடித்தார். படிப்பு என்ற இடத்தில் நர்சிங் என்று வந்ததும் நான் சத்தம் போட்டே வாசித்தேன். பிறகு அக்காவின் போட்டோவைச் சேர்த்தார். அவ்வளவுதான், வரிகளெல்லாம் சிதறின. அப்பாவின் பெயர் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது.

“பெத்தவனையே தொரத்திப்புட்டீங்களே பாய்!” என்றார் மாமா.

“போட்டோ இப்ப ஒரு எழுத்தாட்டம் வரிக்குள்ள குந்தியிருக்குதுங்க. தூக்கி எழுத்துக்கு மேல வெச்சுட்டா எங்க வேணாலும் நகத்தலாம்” என்று பாய் எதையோ அமுக்கினார்.

வரிகள் பழைய இடத்துக்கு வந்தன. அக்காவின் முகம் மட்டும் மவுஸ் போன பக்கமெல்லாம் போனது.

“இன்னுங் கொஞ்சம் கீழ எறக்குங்க. பெருசாக்குங்க. ஆங், அங்கியே உடுங்க” என்றார் மாமா.

படிப்பு வரியின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

“மாமா, அக்கா படிச்சது மறைஞ்சு போச்சுங்க!”

“ஏனுங்க, எழுத்தைப் போட்டோவைச் சுத்தி ஓட உட்டுரலாமுங்களே” என்றார் பாயும்.

“வேண்டாமுங்க. மொகம் தெரிஞ்சாப் போதும். பிரிண்ட் எடுங்க.”

நான் விடவில்லை. கடை வாசலில் நின்று கத்தினேன். “சும்மா வா சாமி, பஸ்ஸு போயிரும்” என்று மாமா கையைப் பிடித்து இழுத்துப் போனார். படித்த படிப்பைவிட முகம்தான் பெரிதா என்று வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் காகிதத்தைப் பிடுங்கி அக்காவிடம் கொடுத்தேன். “பாருக்கா, நர்சிங்கையே காணோம். பாய் சரி பண்றேன்னாரு, மாமாதான் வேண்டாம்னுட்டாரு!”

அவள் சண்டைக்குப் போவாள் என்று காத்திருந்தேன். அவள் போட்டோவின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டாள்.

“மாப்பிள்ளை எதுவரைக்கும் படிச்சிருக்காருங்க?”

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். “மொதல்ல சாப்பிடுங்க” என்றாள் அம்மா.

தன் படிப்பைக் காணோம் என்கிறேன், இவள் எவனோ ஒருவன் படிப்பை விசாரிக்கிறாளே என்று எனக்கு அக்கா மேலும் கோபம் வந்தது.