சுப்பையா அண்ணனின் அரைஞாண்

நேற்று காலை கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கெலிஓயா பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, “நானா, ஒங்கட சுப்பையா அண்ணன் ராவு மவுத்தாகிட்டாராம்!” என்று கத்திவிட்டுப் போனான். அண்ணன் இறந்துவிட்டார் என்று உறைத்ததும் கையிலிருந்த பலகை காலில் விழுந்தது. வீங்கிய காலோடுதான் இதை எழுதுகிறேன். அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

கண்டியில் வெள்ளைக்காரப் பிரயாணிகளுக்குக் கைவேலைச் சாமான் விற்ற கடையொன்றில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். கூச்சம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. “கேட்டா காசா பணமா, தம்பி?” என்பார். ஒரு வெள்ளைக்காரத் துரைசானியிடம் தொப்பியைக் கழற்றச் சொல்லி, உள்தையலைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

எங்கள் முதலாளி தம் மகள் பொன்னம்மாவை அவருக்குத்தான் பேசி முடித்திருந்தார். தையில் கல்யாணம். அதற்கு முந்தின மாதம், வில்லும் மரப்பட்டைப் பைகளும் வாங்க முதலாளி, அண்ணன், நான் மூவரும் விந்தனைக் காட்டிலிருந்த வேடர் ஊருக்கு மாட்டுவண்டியில் போனோம்.

ஊர் எல்லையில் கிடந்த மரத்தைத் தாண்டும்போது அண்ணனின் அரைஞாண் பட்டென்று அறுந்தது. அதை நம்பித்தான் அவர் வேட்டி நின்றது. இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் நுழைந்தார். குடிசை வாசலில் ஒரு விதவைப் பெண்மணி மரல் செடியின் நாரைத் தொடையில் உருட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கேட்கவா சொல்லித்தர வேண்டும்! “அக்கா, அந்தக் கயித்த என் இடுப்புல கொஞ்சம் கட்டிவிடுங்க” என்று சிங்களத்தில் கேட்டுவிட்டார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வயிற்றின் சுற்றளவுக்கு இன்னும் கொஞ்சம் திரித்தார். எழுந்து வந்து இறுக்கி முடிச்சுப் போட்டார். ஊரே கொல்லென்று சிரித்தது. தோளில் கோடரி மாட்டியிருந்த ஊர்ப் பெரியவர் விளக்கம் சொன்னார்: அங்கே ஒரு பெண் தன் கையால் திரித்த கயிற்றை ஒருவன் இடுப்பில் கட்டினால் அதுதான் கல்யாணம். வேறு மேளதாளம் ஒன்றும் கிடையாது.

“அடப்பாவி! எம் மகளுக்கு தையில முகூர்த்தம் வச்சிருக்கேன். நீ இங்க வந்து முடிச்சுப் போட்டுக்கிட்டியா?” என்று முதலாளி குதித்தார்.

“புருஷன்னா முதல்ல அந்தப் பாறையில ஏறித் தேன் எடுக்கணும்” என்று அந்த அம்மா மலையைக் காட்டினார். அண்ணன் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. “மாமா, என்னய விட்டுட்டுப் போயிராதீங்க!” என்றார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வேட்டியையே பிடிக்கத் தெரியாதவன் தேனையா பிடிக்கப் போறான்?” என்று தம் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். பிறகு ஒரு கைப்பிடி நாரைக் கொடுத்து, “உனக்குன்னு இருக்கிறவ திரிச்சுக் கட்டட்டும்” என்றார். ஒரு கையில் நார், மறு கையில் வேட்டி. கண்டிவரை அண்ணன் அப்படியே வந்தார். முதலாளி வழியில் வாயைத் திறந்தது ஒரே தடவைதான். “கல்யாணம் கிடையாது.”

அண்ணன் சாப்பாட்டை விட்டார். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டு, இரண்டு நாள் பொறுத்து பொன்னம்மா கடைக்கே வந்துவிட்டார். “நார் எங்க?” என்றார். அப்பா முன்னாலேயே உட்கார்ந்து முடிச்சும் முண்டுமாக ஒரு கயிறு திரித்து, அண்ணனின் சட்டைக்கு மேலேயே கட்டினார்.

“இப்ப என்ன செய்வீங்கப்பா?”

முதலாளி என்ன செய்வார்? தையில் தாலியும் ஏறியது. அதன் பிறகு தை பிறந்தால் பொன்னம்மா புதுக்கயிறு திரிப்பார். “கடைக்கயிறு இதைவிட நல்லா இருக்கும், ஆனா யாரு கேக்கிறது?” என்று அண்ணன் பெருமையடிப்பார்.

இன்று இழவு வீட்டில் குளிப்பாட்டி முடித்ததும், வழக்கப்படி அரைஞாணை அறுக்கக் கத்தி எடுத்தார்கள். பொன்னம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“அறுக்காதீங்க. வெறும் இடுப்போட போனா, அங்கயும் எவகிட்டயாவது கட்டிவிடச் சொல்லுவாரு.”

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரித்த வாயோடு அவர் கதறியபோது யாருக்கும் தாங்கவில்லை. கத்தியை உள்ளே வைத்துவிட்டார்கள்.

போய் வாருங்கள், அண்ணே. கயிறு பத்திரம்.